பழைய கேசட்டின் மேல் பழி போடாதீர்கள்

"பழைய கேசட் சார், அப்படித்தான் இருக்கும்."

கல்யாணக் கேசட்டைப் பென் டிரைவில் மாற்றிக் கொடுக்கும் கடைகளில் இந்த வாக்கியம் இப்போது மந்திரம்போல் ஆகிவிட்டது. முகமெல்லாம் கறுத்துப் போயிருக்கிறதே என்று கேட்டால் இதுதான் பதில். படம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்திருக்கிறதே என்று கேட்டாலும் இதுதான் பதில். கேட்டவரும், "பாவம், முப்பது வருஷத்துக் கேசட்தானே" என்று தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். வீட்டுக்கு வந்து அந்தக் கறுத்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. தொலைக்காட்சி நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்தபின், தெருவில் யாருக்காவது பழைய படம் சரியாக வரவில்லை என்றால் "அவரிடம் காட்டு" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன். கேசட் கெட்டுப்போயிருப்பது உண்டுதான். ஆனால் முகம் கறுத்ததும் படம் வெளுத்ததும் பல தடவை கேசட்டின் குற்றமாக இருந்ததில்லை. கேசட்டிலிருந்து நல்லபடியாக வெளியே வந்த படத்தை, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குத் தூக்கிப் போடும்போது அளவை மாற்றிவிட்டார்கள். செத்த கேசட்டின் தலையில் உயிரோடு இருப்பவர்கள் பழியைப் போடுகிறார்கள். இதைத்தான் நான் தவறு என்கிறேன்.

என்ன அளவு, எப்படி மாறுகிறது என்று கேட்பீர்கள். தச்சு வேலை பார்த்திருப்பீர்கள். ஆசாரியின் அளவுநாடா நுனி தேய்ந்துபோனால் அவர் அதைத் தூக்கி எறியமாட்டார். 10ஆம் எண்ணிலிருந்து அளக்கத் தொடங்குவார். 100 சென்டிமீட்டர் பலகை வேண்டும் என்றால் 110இல் கோடு போடுவார். அவருக்குக் கணக்கு தெரியும், தப்பு வராது. ஆனால் "110" என்று மட்டும் சீட்டில் எழுதி, 10இலிருந்து தொடங்கினேன் என்பதைச் சொல்லாமல் அறுக்கிறவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் 110 சென்டிமீட்டருக்கே அறுத்துவிடுவார். அல்லது ஆசாரி தானே கழித்து 100 என்று எழுதியிருப்பார். அறுக்கிறவர், "இவர் எப்போதும் பத்து கூட்டித்தானே எழுதுவார்" என்று மறுபடி பத்தைக் கழித்து 90க்கு அறுத்துவிடுவார். பலகை நீளமாகப் போனால் சீவிக் கொள்ளலாம். குறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாது.

வீடியோவிலும் இதேதான். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஓர் எண்ணாக எழுதுகிறார்கள். எட்டு பிட் கணக்கில் 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. கம்ப்யூட்டரில் எடுக்கும் சாதாரணப் புகைப்படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. ஆனால் வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கும், வெள்ளை 235இல் முடியும். நாம் கேசட்டிலிருந்து எடுக்கும் படத்துக்கு இந்தக் கணக்கை 1982இல் சி.சி.ஐ.ஆர். 601 என்ற சர்வதேசப் பரிந்துரையில் எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் கலர் தொலைக்காட்சி வந்ததும் அதே 1982இல்தான்.

ஏன் 16? பொறியாளர்களின் கிறுக்குத்தனம் இல்லை. கேமராவிலிருந்து கம்பி வழியாக வரும் சிக்னல் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சமர்த்தாக நிற்பதில்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் திடீரென்று தாவும்போது கொஞ்சம் எகிறிவிட்டுத்தான் அடங்கும். இறங்கும்போதும் அப்படியே. அந்த எகிறலுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் இடம் விட வேண்டும். திண்ணைக்கு மேல் தாழ்வாரம் நீட்டிக் கட்டுவதுபோல. இரண்டு ஓரத்து எண்களான 0, 255 இரண்டையும் ஒத்திசைவுக் குறிக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே வீடியோக்காரனின் கறுப்பு 16, கம்ப்யூட்டர்க்காரனின் கறுப்பு 0. இரண்டும் சரிதான். எது யாருடைய எண் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது கடையில் நடப்பதைப் பாருங்கள். கேசட்டை வி.சி.ஆரில் போட்டு ஒரு மென்பொருளில் கேப்சர் செய்கிறார்கள். புள்ளி எடுப்பதற்கு அதை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்புறம் டைட்டில் போட, பாட்டுச் சேர்க்க மிக்சிங் மென்பொருள். கலருக்குத் தனியாக ஒன்று. கடைசியில் பென் டிரைவுக்கு ஏற்றபடி சுருக்க மற்றொன்று. ஐந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையும் "இது எந்தக் கணக்கு? 16இலா, 0இலா?" என்று கேட்க வேண்டும். கேட்பதில்லை. தானே ஊகித்துக்கொள்கிறது.

ஊகம் இரண்டு விதத்தில் தப்பும். முதல் வகை, யாருமே கழிக்காமல் விடுவது. 16இல் இருக்கும் கறுப்பை அப்படியே 16 என்று திரையில் காட்டினால் அது கறுப்பாக இருக்காது, கருஞ்சாம்பலாக இருக்கும். 235இல் இருக்கும் வெள்ளை மங்கலாகத் தெரியும். மொத்தப் படமும் மோர் ஊற்றிக் கழுவினாற்போல் இருக்கும். இரண்டாவது வகை, இரண்டு பேர் கழிப்பது. ஒரு மென்பொருள் 16ஐ 0 ஆக்கி, 235ஐ 255 ஆக்கி விரித்து எழுதிவிடுகிறது. அடுத்தது அதைப் பழைய கணக்கு என்றே நம்பி இன்னொரு முறை விரிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஃபைலில் 30 என்றிருந்த எண், ஒரு முறை விரித்தால் 16 ஆகும். மறுபடி விரித்தால் 0. அதாவது 16 முதல் 30 வரை இருந்த எல்லா நிழல்களும் ஒரே கறுப்பாகக் கரைந்துவிடும். அந்தப் பக்கம் 218க்கு மேல் இருந்ததெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும்.

30க்குக் கீழே என்ன இருந்தது? தலைமுடியின் இழை. மாப்பிள்ளையின் கோட்டு மடிப்பு. பந்தலுக்கு ஓரத்தில் வீடியோ லைட் எட்டாமல் நின்றவர்களின் கன்னம், கண். 218க்கு மேலே என்ன இருந்தது? வேட்டியின் மடிப்பு. மல்லிகைச் சரத்தின் தனித்தனிப் பூ. பட்டுப்புடவையின் ஜரிகை. நம் ஊர்க் கல்யாணத்தை இதைவிடத் துல்லியமாகக் குறிபார்த்து அடிக்க முடியாது. மாநிறமும் கறுப்புமான முகங்கள் கீழ் ஓரத்தில் நிற்கின்றன, வெள்ளை வேட்டியும் ஜரிகையும் மேல் ஓரத்தில் நிற்கின்றன. இரண்டு ஓரத்தையும் கத்தரித்துவிட்டு, நடுவில் மிச்சமிருப்பதைக் கொடுத்து, "பழைய கேசட் சார்" என்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மூத்த மகளின் கல்யாணக் கேசட்டை ஓர் அம்மா மாற்றிக்கொண்டு வந்தார். 1991 கல்யாணம். வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். அவர் நல்ல கறுப்பு. சிரித்த முகம் என்று எனக்கே நினைவிருக்கிறது. தாரை வார்க்கும் இடத்தில் அவர் குனிந்து நிற்கிறார். அந்த அம்மா சொன்னது இதுதான்: "அண்ணே, பல்லும் விபூதியும் மட்டும் தெரியுது. முகம் எங்க போச்சுன்னு தெரியல. கேசட்டுக்கு வயசாயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க. நெஜமாவா?"

நான் அந்தப் பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். படம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி கறுத்திருந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. கடைக்குப் போனேன். பொறுப்பான பையன்தான், மரியாதையாகவே பேசினான். "சார், நான் கலர்ல கையே வைக்கல. கேப்சர் ஒரு சாஃப்ட்வேர்ல, புள்ளி எடுத்தது இன்னொண்ணுல, மிக்சிங் வேற ஒண்ணுல. எல்லாம் ஆட்டோதான்." முதலில் கேப்சர் செய்த ஃபைல் இருக்கிறதா என்றேன். நல்ல வேளை, அழிக்காமல் வைத்திருந்தான். அதைத் திறந்து வரைபடத்தில் பார்த்தோம். கறுப்பு 16க்குப் பக்கத்தில், வெள்ளை 235க்குப் பக்கத்தில் ஒழுங்காக நின்றன. புள்ளி எடுத்த ஃபைலில் அதே காட்சி 0 முதல் 255 வரை விரிந்திருந்தது. மிக்சிங் மென்பொருள் அதை மறுபடி விரித்திருந்தது. மிக்சிங்கில் அந்த ஃபைலுக்கு மட்டும் "ஃபுல்" என்று மாற்றிச் சொன்னோம். அவ்வளவுதான். கலர் எதையும் தொடவில்லை. அவருடைய கன்னமும் கண்ணும் திரும்ப வந்தன. பையன், "சார், கேசட் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான். ஆமாம் தம்பி, நல்லாத்தான் இருந்தது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தன் தாயார் சஷ்டியப்தபூர்த்தியின் கேசட்டை வேறோர் ஊரில் கொடுத்து மாற்றினார். அதே நோய். ஆனால் கடையில் கேப்சர் ஃபைலை இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்கள். நண்பர் வீட்டிலோ, "அதான் பென் டிரைவில் வந்துவிட்டதே" என்று கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். மிச்சமிருப்பது கறுத்த ஃபைல் ஒன்றுதான். அதில் 0 ஆகிவிட்ட இடத்தில் என்ன இருந்தது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் வராது, சாம்பல் திட்டுதான் வரும். வெளுத்த படம் நோயாளி, வைத்தியம் பார்க்கலாம். கறுத்து வெட்டுப்பட்ட படத்துக்கு வைத்தியம் கிடையாது.

இதைச் சொன்னால் கடைக்காரர்களிடமிருந்து நான்கு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "ஆட்டோவில் விட்டால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்." ஆட்டோ என்றால் மந்திரம் இல்லை. ஃபைலுக்குள் "நான் 16 கணக்கு" அல்லது "நான் 0 கணக்கு" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் ஆட்டோ அதைப் படிக்கும். குறிப்பு இல்லையென்றால் ஊகிக்கும். பழைய ஏ.வி.ஐ. ஃபைல்களில் பெரும்பாலும் இந்தக் குறிப்பே இருக்காது. இப்போதைய எம்.பி.4 ஃபைலில் எழுத இடம் உண்டு. அதிலும் ஒரு மென்பொருள் எண்களை விரித்துவிட்டுக் குறிப்பை மாற்றாமல் விட்டால், பொய்யான முகவரி எழுதிய தபால்தான். ஆட்டோ அதை நம்பித் தவறான வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்.

இரண்டாவது பதில்: "கண்ணால் பார்த்துக் கலர் போட்டுச் சரி செய்துவிடுவோம்." எதை வைத்துக் கண்ணால் பார்க்கிறார்கள்? டியூப்லைட் வெளிச்சத்தில், யாரும் அளந்து சரிசெய்யாத மானிட்டரில். படம் வெளுத்திருக்கும்போது ஒவ்வொரு காட்சியாக இழுத்துப் பிடித்துக் கறுப்பாக்கினால், முகூர்த்தம் ஒரு நிறம், வரவேற்பு ஒரு நிறம் என்று ஆகும். காரணத்தைத் தொடவே இல்லை, ஆகவே அடுத்த கேசட்டிலும் இதே கூத்து. கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல் தினமும் தரையைத் துடைக்கிற வேலை இது.

மூன்றாவது பதில் ஒரு பெருமை: "நாங்கள் 0 முதல் 255 வரை முழு ரேஞ்சில் கொடுக்கிறோம், கலர் அதிகம்." இது சுத்த அபத்தம். கேசட்டிலிருந்து எடுத்தபோதே கறுப்பிலிருந்து வெள்ளை வரை 220 படிகள்தான். அதை விரித்தால் 220 இட்லியை 256 குழித் தட்டில் வைத்ததுபோல. 36 குழி காலியாக இருக்கும். இட்லி ஒன்றுகூட அதிகமாகாது. அப்படி விரித்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் கொடுத்தால் இருக்கிற இட்லியும் போகும்.

நான்காவது பதில்தான் கொஞ்சம் நியாயமானது: "ஒரு கேசட்டுக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறோம். இதையெல்லாம் பார்க்க நேரம் ஏது?" வி.சி.ஆர். கிடைப்பதே பாடு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியதோடு புது இயந்திரம் என்ற பேச்சே முடிந்துபோயிற்று. ஹெட் தேய்ந்தால் பழைய இயந்திரத்தை உடைத்துத்தான் மாட்ட வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டை மூன்று மணி நேரம் ஓட்டித்தான் எடுக்க முடியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இது கேசட்டுக்குக் கேசட் செய்யும் வேலை இல்லை. கடையில் ஒரு முறை செய்துவிட்டால் போதும்.

16, 30, 128, 218, 235 என்று ஐந்து எண்களில் ஐந்து கட்டம் போட்ட பத்து விநாடிப் படம் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேசட் ஃபைல் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாக, ஒவ்வொரு மென்பொருளிலும் அதை ஏற்றி இறக்கிக் கடைசி ஃபைலை அளந்து பாருங்கள். உள்ளே போன எண் வெளியே வந்தால் வழி சரி. 30 என்று போனது 16 என்று வந்தால் நடுவில் எங்கோ அதிகப்படியாக விரிகிறது. ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பார்த்தால் எந்த இடம் என்று அரை மணியில் தெரிந்துவிடும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மட்டும் மறுபடி ஒரு முறை பார்த்தால் போதும். டாவின்சி ரிசால்வில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து "கிளிப் அட்ரிபியூட்ஸ்" திறந்தால் "டேட்டா லெவல்ஸ்" என்ற இடத்தில் ஆட்டோ, வீடியோ, ஃபுல் என்று மூன்று உண்டு. ஊகத்தை நிறுத்திவிட்டு நாமே சொல்ல வேண்டிய இடம் அதுதான். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால், உள்ளே குறிப்பு எழுதியிருந்தால் "லிமிடெட்" என்றோ "ஃபுல்" என்றோ காட்டும்.

எங்கள் காலத்தில் இது பழக்கமாகவே இருந்தது. ஒரு வோல்ட் சிக்னலில் 0.3 வோல்ட் ஒத்திசைவுக்கு, 0.7 வோல்ட் படத்துக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சி டேப்பின் தலையிலும் வண்ணப் பட்டைகளைப் பதிவு செய்துதான் அனுப்புவோம். வாங்குகிறவர் முதலில் பட்டைகளை ஓட்டி, அலைவடிவ மானிட்டரில் கறுப்பையும் வெள்ளையையும் கோட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் நிகழ்ச்சியை ஓட்டுவார். வீட்டில் பட்டைகளைப் பார்த்தவர்கள், "நிகழ்ச்சி தொடங்க நேரமாகிறது, ஏதோ கலர் காட்டுகிறார்கள்" என்றிருப்பார்கள். அது ஒரு நிலையம் இன்னொரு நிலையத்துக்கு எழுதிய கடிதம். சினிமா லேப்பிலும் இப்படித்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 1 முதல் 50க்குள் பிரிண்டர் லைட் எண் குறித்து வைப்பார்கள். அந்த எண்களை வைத்துத்தான் பிரிண்ட் எடுப்பார்கள். கை மாறும்போது அளவும் கூடவே போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய தர்மம். பட்டன் அதிகமானதும் தர்மம் போய்விட்டது.

மென்பொருள் செய்கிறவர்களையும் நான் விடமாட்டேன். ஒரே விஷயத்துக்கு ஒருவர் "வீடியோ, ஃபுல்" என்கிறார். இன்னொருவர் "டி.வி., பி.சி." என்கிறார். மூன்றாமவர் "லிமிடெட், ஃபுல்". நான்காமவர் "லீகல், டேட்டா". பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் இதெல்லாம் ஒன்றுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? ஊகிக்கும் பட்டனை முன்னால் வைத்துவிட்டு, உண்மையைச் சொல்லும் பட்டனை நான்கு கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பழி பையன் மேல் மட்டும் விழுவது நியாயமில்லை. அதற்காக அவன் கேசட்டின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கேசட் காலத்துப் படத்துக்கு நிறத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று, எச்.டி. படத்துக்கு இன்னொன்று. பச்சைக்கு முன்னதில் 0.587 பங்கு, பின்னதில் 0.7152 பங்கு. "எச்.டி. ஆக்கித் தருகிறோம்" என்று படத்தைப் பெரிதாக்குகிறவர்கள் சூத்திரத்தை மாற்றி எழுத மறந்தால், குங்குமச் சிவப்பு செம்மஞ்சள் பக்கம் சாயும். வாழையிலைப் பச்சை இருண்டுபோகும். அதற்கும் "பழைய கேசட், கலர் போயிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

கேசட்டுக்கு நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக் கீற்றுகள் மின்னி மறையும். மேல் ஓரம் வளைந்து ஆடும். சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழியும். பூசணம் பிடித்திருந்தால் படமே நிற்காது. ஆனால் இவையெல்லாம் வரும், போகும். ஓர் இடத்தில் அதிகம், இன்னோர் இடத்தில் குறைவு. அளவு மாறிய குற்றம் அப்படி இல்லை. நலங்கிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை ஒரே சீராக இருக்கும். ஒரே சீராகக் கறுத்திருந்தாலும் ஒரே சீராக வெளுத்திருந்தாலும் முதலில் மென்பொருளைச் சந்தேகியுங்கள், அப்புறம் கேசட்டைப் பார்க்கலாம். கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் அதே பென் டிரைவை இரண்டு மூன்று டி.வி.யிலும் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பைக் கேபிள் போட்டு டி.வி.யோடு இணைத்துப் பார்க்கிறவர்களுக்கு, டி.வி.யின் அமைப்பிலேயே இந்த 16க்கும் 0க்கும் தகராறு வருவதுண்டு. அப்போது ஃபைல் சரியாகவே இருக்கும்.

வாசிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லுவது இது. கேசட்டைக் கொடுக்கும்போதே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, கேப்சர் செய்த முதல் ஃபைலை அப்படியே எனக்குத் தர வேண்டும். மணிக்கு 13 ஜி.பி. பிடிக்கும் முறையில் எடுத்தால் மூன்று மணிக் கேசட்டுக்கு 40 ஜி.பி. ஆகும், ஹார்டு டிஸ்க்கை நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு, அந்த ஃபைல் 16 கணக்கா 0 கணக்கா என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். மூன்று, கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என்ன ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே மாற்றி வாங்கியவர்கள் இந்த வாரமே பென் டிரைவை எடுத்து ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். இறந்துபோனவர்கள் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகம் கறுத்திருந்தால் உடனே கடைக்குப் போய், முதல் ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர்கள் டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிடுவார்கள். ஒரு மாதம் தள்ளினால்கூட இருக்காது. அது இல்லையென்றால் பரணில் ஏறிக் கேசட்டைத் தேடுங்கள். ஈரமில்லாத இடத்தில், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். நல்ல வி.சி.ஆர். வைத்திருக்கிறவர் ஊரில் ஒருவராவது இருக்கும்வரை அதிலிருந்து மறுபடி எடுக்கலாம்.